இரண்டு தடவை படித்த காகிதம்

ஆம்பூர்
14.6.98

அன்பு மகள் கிருபாவுக்கு, அப்பா எலியாஸ் வாயால் சொல்ல, அடுத்த வீட்டு ஹலீமா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நலம். நீயும் மாப்பிள்ளை ஜெஸ்டனும் நலமா? பேரப்பிள்ளை ஜெமிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதென்று ஏப்ரலில் எழுதியிருந்தாய். முளைத்துவிட்டதா?

போன செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணினாய் என்று ஜியாவுல்லா தன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் அனுப்பினான். ஓடிப்போய் வாங்கிக் காதில் வைத்தேன். முப்பது வருஷம் தோல் டேனரியில் உருளுகிற டிரம் பக்கத்தில் நின்ற காது இது. நீ பேசியது ஈ பறக்கிற மாதிரி கேட்டது. நான் "ஆங், ஆங்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பூத்தில் நின்றிருந்த ஏழு பேருக்கும் நன்றாகக் கேட்டிருக்கிறது. அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள், உன் மகள் யுனிவர்சிட்டியில் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டாள் என்று.

இனிமேல் கடிதமே போடு. ஹலீமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷூ கம்பெனியில் தையல் வேலை இல்லை. வந்து படிப்பாள், எழுதுவாள். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும், மறக்காது.

பாடம் நடத்துகிறவர்களுக்கு எதற்குச் சங்கம்? தப்பாகக் கேட்கவில்லை. முன்னால் நிற்கிறவன் பாடு என்ன என்று எனக்குத் தெரியும். எழுபத்துநாலில் எனக்கு நடந்தது உனக்கும் தெரியும். அதை இப்போது கிளற வேண்டாம். அங்கே என்ன விஷயம் என்று விவரமாக எழுது.

உன் அப்பா,
எலியாஸ்

கிருபா, ஹலீமா அக்கா எழுதுவது: சாச்சாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தி. எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாததில் இப்படி ஒரு வசதி.


5.7.98

அன்புள்ள அப்பாவுக்கு, கிருபா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். ஜெமிக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.

எங்கள் விஷயம் இதுதான். இங்கே தற்காலிக விரிவுரையாளர்கள் ஐம்பத்தெட்டு பேர் இருக்கிறோம். நான் ஒன்பது வருஷமாக வேதியியல் நடத்துகிறேன், இன்னும் தற்காலிகம்தான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை எங்களை இரண்டு நாள் வேலையிலிருந்து நீக்குவார்கள். மூன்றாம் நாள், புதிதாகச் சேர்ந்ததாக ஓர் உத்தரவு தருவார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். அந்த இரண்டு நாளும் வகுப்புக்குப் போவோம், பாடம் நடத்துவோம். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. தொடர்ந்து வேலை செய்தோம் என்று யாரும் பின்னால் உரிமை கேட்கக் கூடாதல்லவா?

தாவரவியலில் பிரிஸ்கில்லா என்று ஒரு பெண். முதல் பிரசவத்துக்குப் போனாள்; விடுப்பு கிடையாது என்று சொல்லி, திரும்பி வந்தபோது புது ஆள் என்று எழுதிச் சேர்த்தார்கள். இப்போது அடுத்த குழந்தை வயிற்றில். ஐம்பத்தெட்டு பேரையும் நிரந்தரம் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்.

தொடக்கக் கூட்டத்தில் உங்கள் கதையைச் சொன்னேன் அப்பா. படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டிய கிளார்க் ரத்தினசாமி, முக்கியமான வரியை விழுங்கிவிட்டுக் கட்டைவிரல் ரேகை வாங்கிய கதை. "நாம் படித்தவர்கள், நம்மிடம் அது நடக்காது" என்று முடித்தேன். கை தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஹலீமா அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
கிருபா


ஆம்பூர்
19.7.98

மகள் கிருபாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மருந்து வந்தது, தடவுகிறேன். ஹலீமாவுடன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு கடிதம் எழுத வேறு ஆள் ஏது என்று பேசிவிட்டேன்.

என் கதையை மேடையில் சொல்லாதே. அந்தக் கிளார்க் பெயரையும் சொல்லாதே. அவர் ஊரை விட்டுக் கலவைப் பக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. பெயர் எதற்கு?

உங்கள் பிரேக் எனக்குப் புதிதில்லை. எங்கள் டேனரியில் ஒருவன் எட்டு மாதம் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்பான் என்று பயம். அதனால் ஏழாவது மாதம் மேஸ்திரி பேர் எழுதுகிற மஸ்டர் புத்தகத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரில் ஏற்றுவான். ஆள் அதே ஆள், சுண்ணாம்புத் தொட்டியும் அதே தொட்டி. எழுபத்தொன்றில் என்னைக் காசி ஆக்கினார்கள். காலையில் பேர் கூப்பிடும்போது நான் சும்மா நிற்பேன்.

"இன்னாய்யா காசி, காதுல பஞ்சா?" என்பான் மேஸ்திரி.

"நான் எலியாஸுங்க."

"அது போன சனிக்கிழமை வரைக்கும்!"

உன் அம்மா அமிர்தவள்ளி, அவள் இருந்த காலத்தில், கோபம் வந்தால் "யோவ் காசி" என்றுதான் கூப்பிடுவாள். ஹலீமாவின் தகப்பன் அமீர் பாஷாவை அன்வர் ஆக்கினார்கள். எனக்கு அவனைவிட நெருங்கின தோஸ்த் கிடையாது. இரண்டு பேரும் ஒரே தொட்டியில் நின்றவர்கள்.

பேச்சுவார்த்தைக்கு உன்னோடு யார் யார் உட்காருகிறார்கள்? தனியாகப் போகாதே.

அப்பா எலியாஸ்

கிருபா, அக்கா: என் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசி வரையில் பழவண்டி தள்ளும்போதுகூட "அன்வர் பாய்" என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.


6.9.98

அன்பு அப்பாவுக்கு, நலமே. மூன்று வாரமாக விடைத்தாள் திருத்த மறுத்து, நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகஸ்ட் சம்பளம் வரவில்லை. ஜெஸ்டன் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பேஜாராக இருக்கிறது.

பதிவாளர் காரிலிருந்து இறங்கி நேரே எங்களிடம் வந்தார். "நீங்க லெக்சரரா, லாரி ஷெட்டு சங்கமா?" என்றார். பிரிஸ்கில்லாவுக்கு எட்டு மாதம். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், "எழுந்து நிக்க முடியலை சார், மன்னிக்கணும். உள்ளே இருக்கிறதுக்கும் ரெண்டு நாள் பிரேக் குடுத்துட்டீங்கன்னா சௌகரியமா இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் காது சிவக்க உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. போவதற்கு முன் எங்களுக்குள் ஒரு தாளில் எழுதி, ஐம்பத்தெட்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்: "ஒருவரை விட்டுவிட்டு மற்றவருக்காக ஒப்புக்கொள்ள மாட்டோம்." அந்த வாசகம் நான் எழுதியது. தலைவரும் பொருளாளரும் என்னோடு உட்காருகிறார்கள். கவலை வேண்டாம்.

உங்கள்,
கிருபா


25.10.98

அன்பு அப்பா, வணக்கம். உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். வேலை அதிகம். எல்லோரும் சுகம். பிரிஸ்கில்லாவுக்கு ஆண் குழந்தை.

நல்ல செய்தி. ஒப்பந்த வரைவு வந்துவிட்டது. நிரந்தரப் பணி, முறையான ஊதிய விகிதம், பேறுகால விடுப்பு எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான அம்சங்களில் நமக்கு வெற்றிதான். பதிவாளர் இப்போது மரியாதையாகப் பேசுகிறார், காபி வரவழைத்துக் கொடுத்தார். நவம்பர் முப்பதாம் தேதி கையெழுத்து.

கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன்.

கிருபா


ஆம்பூர்
1.11.98

கிருபாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதச் சொன்னது. இங்கே மழை. வீட்டில் ஒழுகவில்லை. பிரிஸ்கில்லாவின் பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

ஜூலை ஐந்தாம் தேதி எழுதினாய், ஐம்பத்தெட்டு பேர் என்று. செப்டம்பர் ஆறாம் தேதி எழுதினாய், ஐம்பத்தெட்டு பேரும் கையெழுத்துப் போட்டோம் என்று. இந்தக் கடிதத்தில் "பெரும்பாலான அம்சங்கள்" என்கிறாய். ஆள் எண்ணிக்கையைக் காணோம். ஹலீமா விட்டுவிட்டாளோ என்று மறுபடி படிக்கச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சாச்சா, நான் இன்னா அந்த ரத்தினசாமியா, வரிய முழுங்க?" என்கிறாள்.

எத்தனை பேர் கிருபா? பிரிஸ்கில்லா அதில் இருக்கிறாளா?

காபி கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்கு டீ கொடுத்தார்கள்.

அப்பா


15.11.98

அன்பு அப்பாவுக்கு, சுகம்.

பத்தொன்பது பேர்.

மூன்றாவது ஷரத்து: "கடந்த மூன்றாண்டுகள் பணி முறிவின்றித் தொடர்ந்து பணியாற்றியோர்." பிரேக் விழாதவர்கள் என்று அர்த்தம். சில துறைகளில் தலைவர்கள் சோம்பேறித்தனத்தால் மூன்று வருஷமாகப் பிரேக் காகிதம் அனுப்பாமல் விட்டுவிட்டார்கள். அந்தத் துறைகளின் பத்தொன்பது பேருக்கு மட்டும் கிடைக்கும். வேதியியல் துறையிலும் அனுப்பவில்லை. நான் அதில் இருக்கிறேன். பிரிஸ்கில்லா இல்லை. மீதி முப்பத்தொன்பது பேரை அடுத்த கட்டத்தில் பரிசீலிப்பார்களாம். தலைவருக்கும் பொருளாளருக்கும் இது தெரியும்; அவர்களும் பத்தொன்பதில் இருக்கிறார்கள். பொதுக்குழுவுக்கு இன்னும் சொல்லவில்லை. 'தகுதியுள்ள அனைவரும்' என்று சொல்லியிருக்கிறோம்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். ஆனால் இதையும் விட்டால் பத்தொன்பது பேருக்கும் இல்லை என்று பதிவாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷம் அப்பா. எனக்கு முப்பத்தாறு வயது. ஜெஸ்டன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் மூடுகிற நிலையில் இருக்கிறது.

உங்களை ஏமாற்றினார்கள். அது வேறு. அந்த வரி உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்களால் இத்தனை வருஷம் தூங்க முடிந்தது. நான் ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறேன். தெரிந்து கையெழுத்துப் போடுகிறவளுக்குத் தூக்கம் எப்படி வரும் என்று உங்களால் சொல்ல முடியாது. அதனால் இதைப் பற்றி இனிமேல் கேட்க வேண்டாம்.

முப்பதாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன்.

கிருபா


ஆம்பூர்
21.11.98

கிருபாவுக்கு, அப்பா. சுகம் விசாரிக்க நேரமில்லை. நாள் கம்மியாக இருக்கிறது.

உன் கடிதம் நேற்று வந்தது. கடைசியில் நீ எழுதிய தூக்கத்தின் வரியை ஹலீமாவை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

இதை எழுத நான் ஜியாவுல்லாவிடம் போயிருக்கலாம். காலையிலிருந்து அந்த யோசனைதான். போகவில்லை. இதை முதலில் கேட்க வேண்டியவள் ஹலீமா. ஹலீமா, நான் சொல்வதை அப்படியே எழுது. நடுவில் நிறுத்தாதே. நிறுத்தினால் எனக்கு மறுபடி வாய் வராது.

எழுபத்துநாலு, மார்ச் பதினொன்று, திங்கட்கிழமை. ஸ்டிரைக் தொடங்கி நாற்பத்தேழாவது நாள். ஆபீஸ் அறையில் முதலாளி, மேனேஜர், கிளார்க் ரத்தினசாமி, நான். மெட்ராசிலிருந்து வருவதாகச் சொன்ன தலைவர் வரவில்லை. கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ரத்தினசாமி காகிதத்தைப் படித்தார். எதையும் முழுங்கவில்லை. நாலாவது ஷரத்து இது: "இவ்வாலையில் ஒரே பெயரில் இடைவிடாது இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தோர் மட்டும் நிரந்தரத் தொழிலாளராகக் கருதப்படுவர்." இருபத்துநாலு வருஷம் ஆகிறது, ஒரு சொல் மறக்கவில்லை. அதைப் படித்துவிட்டு அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எலியாஸ், இந்த வரியக் கேட்டியா?"

மேனேஜர், "படிய்யா, நடுவுல இன்னா பேச்சு?" என்றார்.

ரத்தினசாமி மேலே படிக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி படித்தார். நாலாவது வந்ததும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "கேட்டுதா? புரிஞ்சுதா?"

நான், "புரியுது சார். மை வையுங்க" என்றேன்.

புரிந்தது மகளே. நான் ஒரே பெயரில் இருந்தேன். சங்கத்து ஆள் என்பதால் கடைசி வருஷம் என் பெயரைத் தொட பயந்தார்கள். அறுபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் இரண்டு பெயர்க்காரர்கள். அமீர் பாஷா அதில் ஒருவன். கட்டைவிரலில் மை தொடும்போது அவன் முகம் என் முன்னால் வந்தது. நாற்பத்தொரு பேருக்காவது கிடைக்கட்டும், மற்றவர்களுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். நீ எழுதியிருக்கிறாயே அடுத்த கட்டம் என்று, அது எனக்கும் அன்றைக்குத் தோன்றியது. வரவில்லை.

மறுநாள் கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் படித்தான். பெயர் இல்லாதவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "இன்னாய்யா கை நாட்டு வெச்சே?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அமீர் பாஷா குறுக்கே வந்து அவன் கையைத் தட்டிவிட்டான். "அவனுக்குப் படிக்கத் தெரியுமா? கிளார்க்கு வரிய முழுங்கிட்டான்டா! இவன் இன்னா பண்ணுவான்?" என்று கத்தினான். அவன் பெயர் பட்டியலில் இல்லை. அவன் எனக்காகக் கத்தினான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. ரத்தினசாமி வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. பால்காரன்கூட அவர் வீட்டுக்குப் பால் ஊற்ற மாட்டேன் என்றான். பெண்டு பிள்ளைகளோடு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கலவைக்குப் போனார். நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். அமீர் பாஷா பழவண்டி தள்ளிச் செத்தான். சாகும்வரை என்னை யாரும் ஒரு சொல் சொல்ல விட்டதில்லை. நான் நிரந்தரம் ஆனேன், உன்னை வேலூர்க் காலேஜில் சேர்த்தேன்.

படிக்கத் தெரியாதவன் என்று சொல்லி நான் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. உனக்கு அது இல்லை. கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தெரிந்து போட்டவளுக்குத் தூக்கம் எப்படி வரும் என்று உங்களால் சொல்ல முடியாது என்றாய். என்னால்தான் சொல்ல முடியும். வராது.

ஹலீமா எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள். தலையைத் தூக்கவில்லை. இதையும் எழுதும்மா.

அப்பா


ஆம்பூர்
5.12.98

அன்புள்ள சகோதரி கிருபா அவர்களுக்கு, எலியாஸ் பெரியவருக்காக எஸ்.டி.டி. பூத் ஜியாவுல்லா எழுதுவது. பெரியவர் நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதிக் கடிதம் வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொல்கிறார். அதைத் தபாலில் போடுவதற்கு ஹலீமா எடுத்துக்கொண்டு போனாளாம். அதற்குப் பிறகு அவள் இவர் வீட்டுப் பக்கம் வரவில்லையாம். கம்பெனி வேனில் ஏறும்போது பார்க்கிறாராம், அவள் பார்ப்பதில்லையாம். கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். "நீ எழுதுறத மட்டும் எழுது" என்கிறார். போன் போட்டுத் தருகிறேன் என்றால் அதுவும் வேண்டாம் என்கிறார். இவன் முன்னால் வேறு எதுவும் சொல்ல முடியாது, இரண்டு வரி பதில் போடு என்று சொல்கிறார். சொன்னபடியே எழுதிவிட்டேன்.

எலியாஸ்


9.12.98

அன்பு அப்பாவுக்கு,

இதை யார் படித்துக் காட்டுகிறார்களோ தெரியவில்லை. யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, விரைவுத் தபாலில் வந்தது. நீங்கள் சொன்னது இருபத்தொன்று. உறையில் முத்திரை இருபத்தாறு. நடுவில் ஐந்து நாள். கடைசியில் ஹலீமா அக்கா வழக்கமாக எழுதும் இரண்டு வரி இல்லை. ஆனால் கடிதத்தில் எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. அவர் அப்பாவின் பெயர் வரும் இடத்தில்கூட.

மறுநாளே பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னேன். தலைவர் எவ்வளவோ தடுத்தார். வரைவை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தேன். மூன்றாவது ஷரத்தை இரண்டு தடவை படித்தேன். "பிரேக் விழாதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றேன். பத்தொன்பது பேர். நானும் நின்றுகொண்டுதானே இருந்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாந்து எங்களைப் பார்த்தார்கள். பிரிஸ்கில்லா முதல் வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. "இது எப்போ தெரியும் கிருபா?" என்றாள். "ஐந்து வாரமாக" என்றேன். அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

நின்றவர்களில் ஒருவர், "உங்க மனசாட்சிக்கு எங்க வேலைதான் கிடைச்சுதா மேடம்?" என்று கத்தினார். வாக்கெடுத்தோம். வேண்டாம் என்று முப்பத்தேழு, போடலாம் என்று இருபத்தொன்று.

பதிவாளரிடம் போய்ச் சொன்னேன். கோப்பை மூடினார். காபி வரவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றோடு என் உத்தரவு முடிகிறது. இந்த முறை எனக்கும் பிரேக் உண்டாம். "ரெண்டு நாள்தான் மேடம்" என்று சிரித்தார். ஜெஸ்டனிடம் சொன்னேன். "சரி" என்றார். அன்றிலிருந்து அவர் பேசுவது எல்லாம் ஜெமியிடம்தான்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. ரத்தினசாமி என்ற பெயரை நான் மேடையில் சொன்னேன். ஐம்பத்தேழு பேர் கை தட்டினார்கள். அது பொய் என்று இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருபா


ஆம்பூர்
17.1.99

கிருபாவுக்கு, ஹலீமா அக்கா எழுதுவது. அல்லாவின் காவலில் நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் சாச்சா சொல்லி எழுதுவதல்ல.

உன் ஜனவரி எட்டாம் தேதிக் கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். உன் இரண்டு நாள் பிரேக் எட்டு நாளாகியும் முடியவில்லை என்பதையும், உன் உத்தரவு வரும்வரை நாற்பது பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருப்பதையும், அது எத்தனை நாள் தாங்குமோ என்று நீ எழுதியதையும், எல்லாவற்றையும் படித்தேன். அவர் மனசு நோகும் என்று எதையும் விடவில்லை. முன்பெல்லாம் விட்டிருக்கிறேன்.

அந்த ஐந்து நாள் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கடிதம் என் வீட்டில் அரிசி டின்னுக்குள் இருந்தது. கிழித்துப் போட இரண்டு தடவை எடுத்தேன். அப்பா அந்த மனுஷனுக்காக ஊரோடு சண்டை போட்டார். பெருநாளைக்குப் பிரியாணி முதலில் சாச்சா வீட்டுக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தட்டு வைப்பார். ஐந்தாம் நாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பெண் பிரிஸ்கில்லாவின் ஞாபகம் வந்தது. அவளை எனக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன்.

போன மாதக் கடைசியில் சாச்சா என் வாசலில் வந்து நின்றார். "கலவைக்குப் போவணும், கூட வர்றியா?" என்றார். எனக்காகத்தான் போனேன், அவருக்காக அல்ல. ரத்தினசாமி வீட்டு ஓட்டின் மேல் கல் எறிந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ரத்தினசாமிக்கு எண்பது இருக்கும். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். அவர் மருமகள் எங்களுக்கு மோர் கொடுத்தாள். சாச்சா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க ரெண்டு தடவ படிச்சீங்க சார்."

"ஆமா, படிச்சேன்."

"நாலாவது வரிய நிறுத்திப் படிச்சீங்க. எனக்குப் புரிஞ்சுது."

"அது எனக்குத் தெரியுமே எலியாஸ். அத எங்கிட்ட வந்து இன்னாத்துக்குச் சொல்றே? அங்க ஆம்பூர்ல போயி சொல்லு."

நான் கல்லைப் பற்றிச் சொன்னேன். "ஓடு மாத்தியாச்சும்மா" என்றார். அது எந்த வீட்டு ஓடு என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாச்சா, டேனரியில் கூட வேலை செய்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் பட்டியலில் விட்டுப்போனவர்கள். எழுபத்துநாலில் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல முன்பே நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தேன். "கேட்டுதா சாச்சா?" என்றேன். தலையசைத்தார். மை டப்பாவைத் தள்ளினேன். வந்தவர்களில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். அதில் ஒருவர் துப்பிவிட்டுப் போனார். மற்றவர்கள் போகவில்லை.

அவரோடு முன்போல் பேச எனக்கு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், படிக்கிறேன், எழுதுகிறேன், வந்துவிடுகிறேன்.

காகிதத்தை நாலு பிரதி எழுதி, நாலிலும் விரல் வைக்கச் சொன்னேன். ஒன்று கலவைக்குப் போய்விட்டது. ஒன்று உங்கள் சர்ச் பாதிரி ஐயரிடம் இருக்கிறது. ஒன்று என் அப்பாவின் துணிப் பெட்டியில். நாலாவதை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில், முதலில் நீ கதை சொன்ன அதே இடத்தில் நின்று, இதைப் படி. இரண்டு தடவை.

ஹலீமா